ஊராட்சிப் பணம்: வாசகர் கேள்வி – பதில்

கிராம ஊராட்சிகளின் நிதி நிர்வாகம் குறித்து வந்த கடிதங்களுக்கு, உள்ளாட்சித் தணிக்கைப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் பதில் எழுதுகிறார். பலர் ஊர்ப் பெயரைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டதால் எல்லாக் கடிதங்களுக்கும் மாவட்டம் மட்டுமே தரப்பட்டுள்ளது.

கேள்வி: எங்கள் ஊராட்சிக்கும் பக்கத்து ஊராட்சிக்கும் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே தெருவிளக்கு அணைந்தால் இரண்டு நாளில் மாற்றிவிடுகிறார்கள். இங்கே குடிநீர் மோட்டார் பழுதானால்கூட மாதக்கணக்கில் "நிதி இல்லை" என்கிறார்கள். ஒரே சட்டம், ஒரே ஒன்றியம். தலைவரின் நேர்மை மட்டும்தான் வேறுபாடா? (வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: நேர்மை இல்லாத இடத்தில் வேறு எது இருந்தும் பயனில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கைசுத்தமான தலைவர் இருந்தும் ஒரு மோட்டாரைப் பழுதுபார்க்க முடியாமல் தவித்த ஊராட்சிகளையும் என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே, பணம் எந்த வழியாக வருகிறது, வந்த பணத்தில் எவ்வளவு ஊராட்சியின் விருப்பப்படி செலவிடத்தக்கது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஊராட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 73வது திருத்தத்துக்கும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்கும் பிறகு, இவற்றுக்கு முக்கியமாக மூன்று வழிகளில் பணம் வருகிறது. ஒன்று, மத்திய அரசின் வருவாயைப் பகிர்வது குறித்துப் பரிந்துரைக்கும் மத்திய நிதிக்குழுவின் மானியம். இரண்டாவது, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஒரு பங்கை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரும் மாநில நிதி ஆணைய மானியம். மூன்றாவது ஊராட்சியின் சொந்த வருவாய். முதல் இரண்டும் பெரும்பாலும் மக்கள்தொகையை வைத்துக் கணக்கிடப்படுவதால், உங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் அவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். வேறுபாடு பிறக்கும் இடம் மூன்றாவது வழி.

மாநில நிதி ஆணையப் பணம் வந்தவுடன் அதற்குக் காத்திருக்கும் செலவுகளை எண்ணிப் பாருங்கள். தெருவிளக்குக்கும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களுக்கும் மின்கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இருக்கும் ஊராக இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்துக்கான கட்டணம், மேல்நிலைத் தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஊதியம். இவற்றைக் கட்டிய பிறகு பல ஊராட்சிகளின் பொது நிதிக் கணக்கில் மிஞ்சுவது மிகச் சிறிய தொகை. மோட்டார் பழுதாகும்போது அந்தச் சிறிய தொகையைத்தான் உங்கள் தலைவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து ஊரில் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் உரிமக் கட்டணம், கட்டட வரைபட அனுமதிக் கட்டணம், மீன்பாசிக் குத்தகை, புளியமரங்களின் மகசூல் ஏலம் ஆகியவை முறையாக வசூலாகியிருந்தால், அதே நேரத்தில் அங்கே கையில் பணம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தைப் போலத் தொழிற்சாலைகள் வந்த ஊராட்சிகளுக்கு இந்த வழி தானாகவே பெருகியது. மானாவாரி நிலம் மட்டுமே உள்ள ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் இருக்கும் வரியையும் கேட்காமல் விடுவதே என்னை மிகவும் வருத்தும் விஷயம். ஓர் ஊராட்சியில், யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும், எவ்வளவு கட்டினார், எவ்வளவு பாக்கி என்று எழுதும் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டைத் திறந்தபோது, மூன்று ஆண்டுகளாக அதில் ஒரு பதிவுகூட இல்லை. "வரி கேட்டால் ஓட்டுப் போய்விடும் ஐயா" என்றார் தலைவர். அதே ஒன்றியத்தின் மற்றோர் ஊராட்சியில், ஏப்ரல் மாதம் பிறந்ததும் தலைவர் தம் வீட்டு வரியை முதலில் கட்டி, அந்த ரசீதோடுதான் மற்றவர்களிடம் போனார். அந்த ஊர் மக்கள் கிராம சபையில் எழுந்து, "நான் கட்டிய வரி எங்கே போனது" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததாலேயே அங்கே கணக்கு ஒழுங்காக இருந்தது. மேலிருந்து வரும் மானியத்தை ஊர் மக்கள் அரசின் பணமாகப் பார்க்கிறார்கள். தாங்கள் கட்டிய நூறு ரூபாயைத் தங்கள் பணமாகப் பார்க்கிறார்கள். ஊராட்சி நிதி நிர்வாகத்தைத் தீர்மானிக்கும் காரணங்களில், இந்தப் பார்வை வேறுபாட்டைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கேள்வி: 15வது நிதிக்குழுப் பணம் லட்சக்கணக்கில் வங்கியில் இருக்கிறதாம், ஆனால் தொட்டி இயக்குபவருக்கு நான்கு மாதமாகச் சம்பளம் தரப் பணம் இல்லையாம். இதை எப்படி நம்புவது? (வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்)

பதில்: நம்பலாம் அம்மா. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு 15வது நிதிக்குழு நாட்டின் ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியம் 2,36,805 கோடி ரூபாய். இதில் 60 விழுக்காடு நிபந்தனைக்கு உட்பட்டது: 30 விழுக்காட்டைத் துப்புரவுக்கும், 30 விழுக்காட்டைக் குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும் மட்டுமே செலவிட வேண்டும். மீதமுள்ள 40 விழுக்காட்டை உள்ளூர்த் தேவைக்கு ஏற்பச் செலவிடலாம் என்றாலும், சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் அதைத் தொடக்கூடாது. எனவே புதிய தொட்டி கட்டப் பணம் இருக்கும். அந்தத் தொட்டியில் தண்ணீர் ஏற்றுபவருக்குக் கொடுக்க இருக்காது. தவிர, 14வது நிதிக்குழு தன் மானியம் முழுவதையும் கிராம ஊராட்சிகளுக்கே தந்தது. 15வது நிதிக்குழு அதை ஊராட்சி ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் சேர்த்துப் பகிர்ந்தது.

நிபந்தனைகள் தேவையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அவை இல்லாவிட்டால் சாக்கடைக்கும் குடிநீருக்கும் போக வேண்டிய பணம் அலங்கார வளைவுகளுக்கும் பெயர் பொறித்த கல்வெட்டுகளுக்கும் போயிருக்கும். ஆனால் பராமரிப்புக்கு வழி வைக்காமல் கட்டுமானத்துக்கு மட்டும் வழி வைக்கும் விதி, ஊராட்சியைப் புதிது புதிதாகக் கட்டவைத்து, கட்டியதைப் பாழாகவிடுகிறது. அந்த இடைவெளியை நிரப்ப ஊராட்சியின் கையில் இருக்கும் ஒரே பணம் அதன் பொது நிதி.

கேள்வி: நான் வார்டு உறுப்பினராக இருந்தவள். எங்கள் தலைவர் பட்டியலினத்தைச் சேர்ந்த பெண். துணைத் தலைவர் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்ததால், ஓராண்டுக்கு மேல் எந்தப் பணியும் நடக்கவில்லை. சட்டம் ஏன் இரண்டு கையெழுத்துக் கேட்கிறது? (வாசகி, மதுரை மாவட்டம்)

பதில்: ஒருவர் கையில் மட்டும் கஜானாச் சாவி இருக்கக்கூடாது என்பதற்காகவே ஊராட்சி நிதியின் காசோலைகளில் தலைவரும் துணைத் தலைவரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வைக்கப்பட்டது. இன்று பணப் பரிமாற்றம் இணையவழிக்கு மாறிய பிறகும், இருவரின் மின்னணுக் கையொப்பமாக அந்த விதி தொடர்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் தலைவர் பதவிக்குத்தான் இடஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆதலால் தலைவர் பட்டியலினத்தவராக இருக்கும் ஊரில் ஆதிக்க சாதியினர் தங்கள் ஆளைத் துணைத் தலைவராக்கி, அந்த ஒற்றைக் கையெழுத்தின் மூலம் முழு நிர்வாகத்தையும் பிடித்துவைப்பது பல இடங்களில் நடந்திருக்கிறது. உங்கள் மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டதை ஏற்க மறுத்து, 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் முறையான ஊராட்சியே அமையவிடாமல் தடுத்ததை நீங்கள் அறிவீர்கள். தேர்தலைத் தடுக்க முடியாத இன்றைய நிலையில் கையெழுத்தைத் தடுக்கிறார்கள்.

இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. துணைத் தலைவர் காரணமின்றி மறுத்தால், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியர் வேறொருவருக்குக் கையெழுத்து அதிகாரத்தை வழங்கலாம். தலைவர் எழுத்துப்பூர்வமாக, எந்தத் தேதியில் எந்தச் செலவுச் சீட்டு அனுப்பப்பட்டது, எத்தனை நாள் நிலுவையில் உள்ளது என்று குறிப்பிட்டு, மன்றத் தீர்மானத்தின் நகலுடன் மனு கொடுக்க வேண்டும். "ஒத்துழைப்பதில்லை" என்று பொதுவாக எழுதிய மனு அலுவலக மேசையில் தூங்கும். நாள்வாரியாக எழுதிய மனுவுக்கு யாராவது பதில் எழுதியே ஆக வேண்டும்.

இந்த அதிகாரத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சட்டத்தின் 203ஆம் பிரிவைக் கொண்டு தலைவரிடமிருந்தே காசோலை அதிகாரத்தைப் பறிக்கவும், 205ஆம் பிரிவைக் கொண்டு அவரைப் பதவி நீக்கவும் ஆட்சியரால் முடியும். முறைகேட்டுக்கு எதிரான கருவிகள் இவை. ஆயினும் முதன்முறையாகப் பதவிக்கு வந்த ஒரு பெண்ணை, கணக்குப் பதிவில் நேர்ந்த பிழையைக் காட்டி மிரட்டவும் இதே பிரிவுகளின் பெயரைச் சொல்கிறார்கள். 2019 தேர்தலிலிருந்து தமிழ்நாட்டில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. கணவரோ மைத்துனரோ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கையெழுத்துக்கு மட்டும் தலைவியை அழைக்கும் ஊர்களில், பணத்துக்குச் சட்டப்படி பொறுப்பானவர் ஒருவர், அதைச் செலவிடுபவர் வேறொருவர். அப்படிப்பட்ட ஊராட்சியின் கணக்கு நேராக இருந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: நான் ஊராட்சி செயலர். தவறு நடந்தால் எல்லோரும் எங்களைத்தான் சொல்கிறார்கள். எங்கள் சுமையைப் பற்றி ஒருவரும் எழுதுவதில்லை. (வாசகர், கடலூர் மாவட்டம்)

பதில்: உங்கள் குறை நியாயமானது. வரி வசூல், ரொக்கப் புத்தகம், தீர்மானப் புத்தகம், பதிவேடுகள், கிராம சபை ஏற்பாடு எல்லாம் ஒரே ஆளின் தலையில். 2020 ஏப்ரலில் ஊராட்சிக் கணக்குகளுக்கான இ-கிராம் ஸ்வராஜ் இணையத்தளம் வந்த பிறகு, திட்டமிடல் முதல் பணம் வழங்குவது வரை ஒவ்வொன்றையும் இணையத்திலும் ஏற்ற வேண்டும். 2023 முதல் வீட்டு வரியும் இணையவழி செலுத்தும் முறைக்கு வந்துவிட்டது. இவற்றால் வெளிப்படைத்தன்மை கூடியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் கணக்கியலில் முறையான பயிற்சி இல்லாத ஒருவரிடம் இத்தனையையும் கொடுத்துவிட்டு, பதிவுகளை ஒன்றிய அலுவலகத்தின் கணினி இயக்குபவர் ஏற்றுவதும், மின்னணுக் கையொப்பச் சாதனத்தைத் தலைவர் அங்கேயே விட்டுவிட்டு வருவதும் நடக்கும்போது, இருவர் கையெழுத்து என்ற பாதுகாப்புக்குப் பொருளே இல்லாமல் போகிறது. தணிக்கையாளர்கள் எழுப்பும் ஆட்சேபங்களான தணிக்கைத் தடைகளில் பெரும்பகுதி திருட்டால் வருபவை அல்ல. செலவுச் சீட்டு இணைக்கப்படாதது, முடிந்த பணியின் அளவுகளை எழுதும் அளவுப் புத்தகத்தில் பொறியாளர் ஒப்பம் இல்லாதது, ஒரு கணக்கின் பணத்தை இன்னொரு கணக்கின் செலவுக்குப் பயன்படுத்தியது போன்றவைதான் மிகுதி. உங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: தலைவர் வாய்மொழியாகச் சொன்ன எந்தச் செலவையும் தீர்மானம் எழுதாமல் செய்யாதீர்கள். தணிக்கை நாளில் உங்களுக்குத் துணை நிற்பது அந்தத் தீர்மானம் ஒன்றே.

கேள்வி: கிராம சபையில் கேள்வி கேட்டு என்ன ஆகப் போகிறது? தணிக்கை பெரிதா, மக்கள் கண்காணிப்பு பெரிதா? (வாசகர், கோயம்புத்தூர் மாவட்டம்)

பதில்: இந்தக் கேள்விக்கு இந்தோனேசியாவில் ஒரு நல்ல ஆய்வு நடந்தது.  அந்நாட்டின் ஜாவா தீவில் 600க்கும் மேற்பட்ட கிராமங்களில் சாலை போடுவதற்குத் தரப்பட்ட பணத்தை பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் பின்தொடர்ந்தார். சாலை முடிந்த பின் அதைத் தோண்டி, எவ்வளவு கல்லும் மணலும் போட்டிருக்கிறார்கள் என்று பொறியாளர்களைக் கொண்டு அளந்து, உள்ளூர் விலையையும் கூலியையும் விசாரித்து, கிராமம் காட்டிய கணக்கோடு ஒப்பிட்டார். சில கிராமங்களில் "உங்கள் சாலைக்குக் கட்டாயம் தணிக்கை வரும், முடிவு ஊர்க் கூட்டத்தில் வெளியிடப்படும்" என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. வேறு சிலவற்றில் கணக்குக் கூட்டத்துக்கு வரும்படி நூற்றுக்கணக்கான அழைப்புகளும், பெயர் எழுதாமல் கருத்துச் சொல்லும் படிவங்களும் கொடுக்கப்பட்டன.

தணிக்கை உறுதி என்று அறிந்த கிராமங்களில் காணாமல் போன பணம் ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. கூட்டத்துக்கு அழைத்ததால் மட்டும் மொத்தத்தில் பெரிய மாற்றம் இல்லை. கூலியில் நடந்த முறைகேடு குறைந்தது, பொருள் கொள்முதலில் அப்படியே இருந்தது. தன் கூலி குறைந்தால் ஒவ்வொருவருக்கும் தெரியும். சாலையில் எத்தனை லோடு ஜல்லி குறைந்தது என்பது பார்வைக்குத் தெரியாது அல்லவா? இன்னொன்றும் தெரியவந்தது. கருத்துப் படிவங்களை ஊர்ப் பெரியவர்கள் மூலம் கொடுத்தபோது பயனில்லை. பள்ளிப் பிள்ளைகள் மூலம் வீட்டுக்கு அனுப்பியபோது பயன் இருந்தது. தணிக்கைக்கும் ஒரு பக்கவிளைவு இருந்தது: பணமாக எடுப்பது குறைந்த கிராமங்களில், உறவினருக்கு வேலை கொடுப்பது கூடியது.

நம் ஊர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்றாலும், என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது. தணிக்கை எப்போதாவது வரும், வந்தாலும் அறிக்கை கோப்புக்குள் போய்விடும் என்று தெரிந்த இடத்தில் அதற்கு யாரும் அஞ்சுவதில்லை. தணிக்கை அறிக்கை கிராம சபையில் வாசிக்கப்படும் இடத்தில் அஞ்சுகிறார்கள். ஆகவே எது பெரிது என்று பிரிக்காதீர்கள்; அளவுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த தணிக்கையாளர் கண்டுபிடித்ததை, ஊர் மக்கள் முன் வைத்துக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். வீடுவீடாகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கி இந்த எண்ணிக்கையை நிரப்பும் ஊர்கள் உள்ளன. கூட்டத்துக்குப் போகாமல் அந்தப் பதிவேட்டில் ஒப்பமிடுபவர், தாம் பார்க்காத செலவுக்கு ஒப்புதல் தருகிறார் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

கேள்வி: 2025 ஜனவரி முதல் எங்கள் ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகம். அரசியல் இல்லாததால் பணம் ஒழுங்காகச் செலவாகும் என்கிறார் என் தந்தையார். சரியா? (வாசகர், நாமக்கல் மாவட்டம்)

பதில்: உங்கள் தந்தையாரின் எண்ணம் பலருக்கும் உள்ளதுதான், ஆனால் வரலாறு அதற்கு எதிராக இருக்கிறது. 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோதும் தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதமுள்ள ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிக்கே மத்திய நிதிக்குழு மானியம் உரியது என்பதால், அந்த இடைக்காலத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. பல ஊராட்சிகளைச் சேர்த்துக் கவனிக்கும் ஓர் அலுவலர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், எந்தத் தெருவில் எந்தக் குழாய் உடைந்தது என்பது அவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். அதைவிட, கணக்குக் கேட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்ட உங்களால் முடியாது. தலைவரின் வீட்டுக் கதவை இரவு பத்து மணிக்கும் தட்டலாம்.

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் ஊராட்சிக் கணக்கைப் பார்க்க விரும்புகிறது. எதிலிருந்து தொடங்குவது? (வாசகர்கள், தென்காசி மாவட்டம்)

பதில்: எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்காதீர்கள். "பத்தாண்டு வரவு செலவு முழுவதும் வேண்டும்" என்று எழுதினால் உங்களுக்கும் பயனில்லை, செயலருக்கும் பகை. உங்கள் தெருவில், உங்கள் கண் முன் நடந்த ஒரே ஒரு பணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிமென்ட் சாலை, ஒரு கழிவுநீர்க் கால்வாய், எதுவாயினும் சரி. அதன் மதிப்பீடு, ஊராட்சி மன்றத் தீர்மானம், அளவுப் புத்தகத்தின் பக்கங்கள், செலவுச் சீட்டு ஆகிய நான்கின் நகலை, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும், உரிய அலுவலகத்துக்கு அதை மாற்றி அனுப்பும் கடமை அவர்களுக்கு உண்டு. நகல் கைக்கு வந்ததும் ஓர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், ஊரார் பார்க்க அந்தச் சாலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து எழுதுங்கள். கனத்தை விளிம்பில் பார்த்தாலே தெரியும். அளவு சரியாக இருந்தால் அதையும் கிராம சபையில் எழுந்து சொல்லுங்கள். போவதற்கு முன்பு உங்கள் இளைஞர் மன்ற உறுப்பினர் அத்தனை பேரின் வீட்டு வரியையும் கட்டி ரசீதை வாங்கிவிடுங்கள்.